சுவரைப் பார்த்துப் படுத்தவன்

அக்சிலியாவின் ஈறு நோய்க்குச் சுத்தம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நேற்று பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடி காட்டப் போனபோது டாக்டர், "முன்னெல்லாம் வாய் நாத்தம் இருந்துச்சா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன் கணவன் டோனி, "ஒரு வருசமா நான் செவுத்தப் பாத்துத்தான் படுக்கறனுங்க" என்று மாணவிகள் நடுவில் சொல்லிவிட்டான். அதிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

விடிந்ததும் சங்ககிரியில் லாரி எடுக்க வேண்டும். தூங்குகிறவளை எழுப்பத் தைரியமில்லாமல் பழைய லோடு ரசீதின் பின்பக்கம் எழுதினான்:

"அக்சிலியா, காலையில எச்சில் வாங்க அந்தக் காலேஜ் புள்ள வரும். அதுவரைக்கும் பல்லு வெளக்காத, காப்பி குடிக்காத. ஈறு கெட்டிருந்தா எச்சில்ல ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ணு பெருகுமாம். இப்பக் கொறஞ்சிருக்குதான்னு பாக்கறாங்க. தானா ஊறுன எச்சில்தான் வேணுமாம், தீனிய நெனச்சு ஊறுனது ஆகாதாம். அதனால நேத்து மிஞ்சுன கறிக்கொழம்பப் பக்கத்தூட்டு மரியபுஷ்பம் அக்காகிட்டக் குடுத்துட்டேன். அப்பறமா வாங்கிக்க. என்மேல துப்போணும்னு இருந்தாலும் மொதல்ல அவங்க குடுத்த குப்பியில துப்பிரு. சாவி மீட்டர் பொட்டி மேல."

அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்: "ராத்திரி நீ தூங்குனப்பறம் உன் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தேன். ஒரு நாத்தமும் இல்ல."

படித்துப் பார்த்தான். கடைசி வரி வம்பு என்று தோன்றவே அதை அடித்தான். அடித்த பிறகும் நன்றாகவே தெரிந்தது. அப்படியே குப்பிக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.