தசையில் விழுந்த ஓட்டைகள்

நாள் 38 | 07:15

செவ்வாய், ஆழ்துளை நிலையம். எழுதுவது மெஹருன்னிசா, மருத்துவர். உள்ளே காற்றழுத்தம் சரி, தண்ணீர் சரி, வெளியே லேசான தூசி. ஆட்கள் இருவர்: நானும் துளைப் பொறியாளர் செல்வின் ஞானதாசும். தூத்துக்குடியில் போர்வெல் போட்ட குடும்பத்துப் பிள்ளை. இங்கே வந்தும் அதே வேலைதான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

மாதாந்திரத் தசைக்காப்பு ஊசி இருவருக்கும் போட்டேன். எடை குறைந்த இந்த மண்ணில் தசை கரையாமல் இருக்க. ஒரே குப்பி, ஆளுக்கு அரை மில்லி.

நாள் 38 | 16:40

துளைக் கொட்டகையிலிருந்து செல்வின், வானொலியில்: "அக்கா, ஸ்பேனர் கையில நிக்க மாட்டேங்கு. ரெண்டு தடவ விழுந்துட்டு. வேலைக்குக் கள்ளத்தனம் பண்ணுதேன்னு நெனச்சிராதீங்க."

வந்தவனை நாற்காலியில் உட்காரவைத்து, கையூன்றாமல் எழச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தான். ரத்தத்தில் தசை நொதி 1,400. இருநூறுக்குள் இருக்க வேண்டியது. தசை உடைகிறது. ஏன் என்று தெரியவில்லை.

நாள் 44 | 11:00

செல்வினின் இடது தொடையை மரக்கவைத்து, பட்டாணி அளவு தசை எடுத்தேன். குளிர்க்குடுவையில் உறையவைத்துச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்.

வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து தசைநார்களைச் சூழ்ந்திருக்கின்றன. நல்ல நார்களுக்குள்ளேயே புகுந்திருக்கின்றன. உடம்பு தன் தசையையே அந்நியமென்று அடிக்கிறது. சில நார்கள் பருத்தும் சில நார்கள் நூலாக மெலிந்தும் கிடக்கின்றன. இடையில் கொழுப்பு. இதுவரை குழப்பமில்லை.

குழப்பம், நார்களின் நடுவே இருக்கும் ஓட்டைகளில். தசையைக் கண் இமைக்கும் நேரத்தில் உறையவைக்க வேண்டும். மெதுவாக உறைந்தால் உள்ளே பனி முளைத்து ஓட்டை போடும். எங்கள் குடுவை கசிகிறது, குளிர் போதவில்லை. ஆகவே பனி ஓட்டையாக இருக்கலாம். இல்லையென்றால் நோயே போட்ட ஓட்டை.

நாள் 44 | 13:30

இதைப் படிக்கிறவருக்கு நிலைமை தெரிய வேண்டும். தாய்க்கலம் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இனி இரண்டே முறை வரும்: நாள் 61, நாள் 140. பிறகு பூமிக்குப் புறப்பட்டுவிடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் வெளியே நிற்கும் ஏறுகலத்தில் ஏற வேண்டும். ஏணியில் பதினோரு படி. ஏறிய பின் கதவின் நெம்புகோலைக் கையால் இழுத்துப் பூட்ட வேண்டும். மின்பூட்டு தூசியில் கெட்டுவிட்டது. பூட்டு விழாமல் கலம் கிளம்பாது.

பனி ஓட்டை என்றால், இது ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் வகை. மாத்திரை கொடுத்து 140 வரை காத்திருக்கலாம்; அதற்குள் தெம்பு திரும்பிவிடும். நோய் ஓட்டை என்றால் எந்த மருந்தும் கேட்காது. படியேறக் காலில் வலு இருக்கும்போதே 61இல் போய்விட வேண்டும்.

நாள் 47 | 09:20

பூமியிலிருந்து டாக்டர் கோமதிநாயகம். தசைநோயில் எனக்கு ஆசிரியர் அவர். செய்தி வந்து சேரப் பதினான்கு நிமிடம்.

"மெஹர், ஸ்லைடு படம் பார்த்தேம்மா. பனியாவும் இருக்கலாம், நோயாவும் இருக்கலாம். வழக்கமா செய்றதையே செய். நல்ல தசை ஒரு துண்டு எடுத்து, அதே குடுவையில அதே மாதிரி உறைய வை. அதுலயும் ஓட்டை வந்தா பனி. வரலேன்னா நோய். அவ்வளவுதான்."

நல்ல தசைக்கு எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. இங்கே இருப்பது இரண்டு பேர்.

நாள் 48 | 10:05

என் வலது தொடையில் நானே எடுத்தேன். கை நடுங்கவில்லை என்பதில் கொஞ்சம் கர்வம். ஆய்வுக்கூட வழக்கப்படி ஒப்பீட்டுத் துண்டில் பெயர் எழுதுவதில்லை. "நலமான பெண், வயது 41" என்று சீட்டு ஒட்டினேன்.

நாள் 48 | 15:50

என் தசையிலும் ஓட்டைகள். அதே அளவு, அதே இடம்.

பனிதான். அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எத்தனை பயந்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சிவப்புச் சாயம் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. நோய் ஓட்டையென்றால் ஓரம் சிவப்பாகத் தெரியும். சாயம் கலக்கப் பாதி நாள் பிடிக்கும். பதில்தான் கிடைத்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

செல்வினிடம் சொன்னேன். கொட்டகையிலிருந்து பதில்: "அப்பாடா. இன்னும் முப்பது மீட்டர்தான்க்கா தண்ணிக்கு. பாதியில போட்டுட்டுப் போனா எங்கப்பா வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு."

நாள் 61 | 18:10

தாய்க்கலம் மேலே கடந்து போனது. நாங்கள் ஏறவில்லை. இருவரும் வெளியே நின்று பார்த்தோம். செல்வின் கையசைத்தான்.

நாள் 74 | 08:00

ஸ்டீராய்டு இருபத்தாறாவது நாள். தசை நொதி 600ஆக இறங்கியிருக்கிறது. பூமிக்கு அனுப்பினேன், பாராட்டு வந்தது. செல்வினுக்கு முகம் ஊதி, கன்னம் உப்பியிருக்கிறது. கல்யாண வீட்டுக்காரன் மாதிரி ஆகிவிட்டாய் என்று கேலி செய்தேன்.

பயிற்சி ஏணியில் ஏழு படி ஏறினான். போன வாரம் ஒன்பது. ரத்தம் தேறிவிட்டது, தசை பின்னால் வரும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாள் 83 | 12:30

துளை நீரைத் தொட்டது. செல்வினுக்குக் குழாயைத் திறக்க விரல் மடங்கவில்லை. மணிக்கட்டால் தள்ளித் திறந்தான். வானொலியில்: "வந்துட்டுக்கா."

மருந்தைக் கூட்டினேன். மாதாந்திர ஊசியையும் விடாமல் போட்டேன். இருவருக்கும்.

நாள் 90 | 19:00

பருப்பு டப்பாவின் மூடியைத் திறக்க முடியவில்லை. குளிரில் மூடி இறுகிவிடுகிறது. கரண்டிக் காம்பால் நெம்பினேன்.

நாள் 96 | 06:45

டாக்டர் கோமதிநாயகம்:

"மெஹர், பழைய படங்களையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்துட்டு இருந்தேன். ஒரு சின்ன சந்தேகம்மா. நீ அனுப்பின கன்ட்ரோல், 'நலமான பெண்'னு போட்டிருக்கே. அங்க இருக்கிறதே ரெண்டு பேர்தானே. அது நீயா? உனக்கும் அந்த ஊசி போயிருக்கா?"

மூன்று முறை போட்டுக் கேட்டேன். எழுந்து போய்ச் சாயத்தைத் தேட வேண்டும். நாற்காலியிலிருந்து எழக் கையூன்றினேன். எப்போதிலிருந்து கையூன்றுகிறேன் என்று நினைவில்லை.

நாள் 96 | 17:20

இரண்டு ஸ்லைடுக்கும் சிவப்புச் சாயம். செல்வின்: ஓட்டையின் ஓரமெல்லாம் சிவப்பு. நான்: ஓட்டையின் ஓரமெல்லாம் சிவப்பு. வெள்ளணுக்களும் இருக்கின்றன, அன்று ஓட்டையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இரண்டும் நோய். பூமியில் ஆண்டுக்கணக்கில் நடக்கிற அழிவு இங்கே வாரக்கணக்கில் நடக்கிறது. காரணம் அந்த ஊசியாக இருக்கலாம். நிரூபிக்க என்னிடம் நோயில்லாத ஆள் யாருமில்லை. வைத்தியம் பார்க்கிறவள் நான், ஆகவே நலமானவள் நான் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய தவறென்று எதுவும் செய்யவில்லை, இந்த ஒன்றைத்தான் செய்தேன். பூமிக்கு எழுதிவிட்டேன். ஊசியை நிறுத்திவிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

நாள் 97 | 07:30

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த அறையில் படுத்திருந்தவனிடம் வானொலியில் சொன்னேன். முழுப் பதிவு:

"அக்கா, அப்போ 61லயே போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம்."

"அன்னைக்கு எனக்குப் பதினோரு படி ஏற முடிஞ்சுது."

"முடிஞ்சது. என் தப்பு, செல்வின்."

"சரி. வைக்கேன்."

நாள் 99 | 21:00

இரண்டு நாளாகப் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போகிறான், கழுவி வைக்கிறான். தட்டு ஒரு முறை கைநழுவி விழுந்த சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

நாள் 100 | 08:15

"அக்கா, கொட்டகையில கயிறு சுத்தி இழுக்குத வின்ச் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. ஏணி உச்சியில கப்பி கட்டுனா ஆளத் தூக்கிரலாம். கட்டுதது யாருன்னுதான் தெரியல. உங்களுக்கு எத்தன படி ஏறும்?"

பதினொன்றும் ஏறும் என்றேன். அன்று அது உண்மை.

நாள் 103 | 14:00

கப்பி கட்டியாயிற்று. நான் ஏறினேன், அவன் கீழிருந்து வழி சொன்னான். இறங்கும்போது கடைசி மூன்று படி விழுந்துவிட்டேன். அடி இல்லை. இனி ஒத்திகை கிடையாது என்று முடிவு. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தசை செலவாகிறது, போனது திரும்புவதில்லை.

நாள் 118 | 09:00

கைப்பிடி வலு: செல்வின் 9 கிலோ, நான் 14. நெம்புகோலுக்கு 15 வேண்டும். செல்வின் ஒரு நீளக் குழாய் வெட்டி வைத்திருக்கிறான். கோலில் மாட்டி இழுத்தால் பாதி வலு போதுமாம். அறுக்க நான்கு நாள் ஆனது. இரண்டு விரல் மட்டும் மடங்குகிற கையால் அறுத்தான்.

ஸ்டீராய்டை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டேன். அதுவும் தன் பங்குக்குத் தசையைத் தின்றுகொண்டிருந்தது.

நாள் 131 | 13:10

தண்ணீர் குடிக்கும்போது செல்வினுக்குப் புரையேறுகிறது. தொண்டைத் தசையும் போகிறது. கஞ்சியாக்கித் தருகிறேன். எனக்கும் அதே கஞ்சி. டாக்டர் கோமதிநாயகம் தினமும் பேசுகிறார். ஊரில் மழை என்றார். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நாள் 139 | 16:00

செல்வின் 6, நான் 10. நிலையத்தைப் பூட்டத் தயாராக்கிவிட்டோம். துளையின் குழாய் வேலை செய்கிறது, அடுத்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் உண்டு. தயவுசெய்து ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நாள் 140 | 11:20

இனிக் குரல்பதிவு. வெளியுடையில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ஏணி வரை நடந்து வந்துவிட்டோம். வின்ச் செல்வினைத் தூக்கிவிட்டது. அடுத்து நான். ஏணியில் கால் வைக்கவே தேவைப்படவில்லை. உள்ளே வந்து விழுந்தோம். செல்வின் சிரிக்கிறான். வெளியுடைக் காற்று ஏழு மணி நேரத்துக்கு.

நாள் 140 | 11:50

கதவிடுக்கில் கயிறு இருந்தால் பூட்டு விழாது. கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டோம். வின்ச்சின் விசைப்பெட்டியும் அதோடு சேர்ந்துதான் இருந்தது, அதுவும் போயிற்று. இனித் தேவையில்லை.

நாள் 140 | 12:25

குழாய் மாட்டி இருவரும் இழுத்தோம். கோல் நகர்ந்தது. முக்கால் வரை வந்தது. அதற்கு மேல் குழாய் இருக்கையில் இடிக்கிறது. குழாயைக் கழற்றி மீதியைக் கையால் இழுக்க வேண்டும். ஒரு சாண்தான். ஒருவர் கை மட்டுமே நுழைகிற இடம்.

நாள் 140 | 13:05

தாய்க்கலம்: "ஏறுகலம், உங்க கதவு விளக்கு இன்னும் சிவப்பு. இருபது நிமிஷம் இருக்கு. அவசரப்படாதீங்க, டாக்டர்."

நான் பத்து முறை. அவன் நான்கு முறை. என் முழங்கையில் அவன் தன் தலைக்கவசத்தை முட்டித் தள்ளினான். ஒரு விரற்கடை வந்தது.

நாள் 140 | 13:24

"ஏறுகலம், இன்னும் ஒரு நிமிஷம். டாக்டர், பேசுங்க. செல்வின், யாராவது பேசுங்க."

செல்வின் பேசினான்: "கதவு வரல சார். நீங்க போங்க. வீட்டுல சொல்லிருங்க, தண்ணி வந்துட்டுன்னு."

நாள் 140 | 13:40

போய்விட்டது.

நாள் 140 | 14:30

கை தோளுக்கு மேல் எழவில்லை. இருவருக்கும். கதவு திறந்தபடி இருக்கிறது. நிலையம் இங்கிருந்து தெரிகிறது, நானூறு மீட்டர். அதற்குள்ளே காற்று இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு இருக்கிறது.

நாள் 140 | 15:10

செல்வின் கதவோரம் நகர்ந்து போய்க் கீழே பார்த்தான். கயிறு பதினோரு படிக்குக் கீழே, குதித்தால் எழ முடியாத ஆழத்தில், மண்ணில் கிடக்கிறது. திரும்பி வந்து என் பக்கத்தில் சாய்ந்துகொண்டான்.

"அக்கா, எறங்குததப் பத்தி நாம யோசிக்கவே இல்லயே."

இல்லை என்றேன்.