மாராத்தாளின் கையெழுத்து

3-7-96, புதன்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. சாரல். கணபதி கிளை நூலகத்தில் இரண்டாவது பல்பும் போனது. வாங்க வேண்டியவை: பல்பு, சாக்பீஸ், ஸ்டாம்ப் பேடுக்கு மை.

மாலை நான் நடத்தும் எழுத்தறிவு வகுப்புக்குப் பதினொரு பெண்கள். பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்பது இந்த வருட ஏற்பாடு. அம்மா எழுதுவாள், பக்கத்திலேயே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்.

அடுத்த வாரம் ஆய்வு. நூலகர் சொன்னார்: "வர்றவங்க பாடத்தையா பார்க்கப் போறாங்க அம்மணி? பேர்ப் பட்டியல்ல ஒரு கைரேகை இருக்கப்படாது. அத்தனையும் கையெழுத்தா இருக்கோணும்."

ஆக, உயிரெழுத்து பாதியில் நிற்கிறது. இன்று முதல் எல்லோருக்கும் அவரவர் பெயர் மட்டும். எழுத்தாக அல்ல, கோலம் மாதிரி. நான் புள்ளி வைத்துக் கொடுத்தேன், அதன் மேலேயே இழுத்தார்கள். பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தேன்.

11-7-96, வியாழன்

ஆய்வு முடிந்தது. அதிகாரி இருந்தது ஒரு டீ குடிக்கும் நேரம். பதினொரு கையெழுத்து. எதிரே ‘எழுதப் படிக்கத் தெரியும்’ என்ற கட்டத்தில் பதினொரு டிக், என் பேனாவில். நகல் ஒன்றை நூலக வாசலில் ஒட்டியாயிற்று.

மாராத்தாளுக்குத்தான் அதிக சந்தோஷம். மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிறவர். தன் பெயரை ஆறு தடவை போட்டுப் பார்த்தார். "ஏனுங் டீச்சர், இனி மில்லுல கட்டைவிரலை நீட்ட வேண்டியதில்லீங். அந்த மை சோப்புப் போட்டாலும் போறதில்லீங்."

மகள் செல்வி, நாலாம் வகுப்பு, எட்டிப் பார்த்து: "அம்மா, 'ரா'வுக்குக் கால் உட்டுப்போட்டே."

"போடி, பெரிய வாத்திச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அதிகாரி போய்விட்டார், இனி மீதிப் பாடத்தை நடத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

15-7-96, திங்கள்

வகுப்புக்கு மூன்று பேர். பட்டியல் நிரம்பிவிட்டதால் இனி வாரம் ஒரு நாள் போதும் என்று மேலிருந்து கடிதம். தலைவலி. அம்மா தலைக்கு அரப்புத்தூள் கேட்டிருந்தாள். மறந்துவிட்டேன்.

24-7-96, புதன்

வகுப்பு நாள் இல்லை. மாராத்தாள் நூலக வாசலில் நின்றிருந்தார். மில் கேட்டில் உள்ளே விடவில்லையாம்.

போன வாரம் புது அடையாள அட்டைக்கு என்று சொல்லி ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிய தாள் அது.

"மை டப்பாவைத்தானுங் மொதல்ல நீட்டுனாங்க. நாந்தான், வேண்டாமுங், பேனாவைக் குடுங்கன்னு..."

வரிசையில் அவர்தான் முதல் ஆள். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பஞ்சு மூட்டைக்குத் திரும்பிவிட்டார். பின்னால் நின்ற மூன்று பேரும் ரேகைக்காரர்கள். ரேகை என்றால் வழக்கம் உண்டு: எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, காட்டியதாக ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மில் குமாஸ்தா படிக்கத் தொடங்கியதும் மூன்று பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள். மாராத்தாள் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று நினைத்தார்களாம். அவர்கள் இன்றும் வேலைக்குப் போனார்கள்.

கையெழுத்துப் போடுகிறவருக்கு யாரும் எதையும் படித்துக் காட்டுவதில்லை.

மில்காரனை நாலு வார்த்தை வைய வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நான் சும்மா இருந்திருந்தால் அந்த விரலே அவரைக் காப்பாற்றியிருக்கும்.

25-7-96, வியாழன்

மாராத்தாளுடன் தொழிற்சங்கத்துக்காரரைப் பார்த்தேன். "தொழிலாளர் அதிகாரிக்கு மனுக் குடுக்கலாம் அம்மணி. ஆனா மில்லுக்காரன் உங்க லைப்ரரிப் பட்டியலை நீட்டுவான். படிக்கத் தெரியும்னு நீங்களே டிக் அடிச்சு ஒட்டியிருக்கறீங்." கொஞ்சம் யோசித்து: "தெரியாதுன்னு நீங்களே எழுதிக் குடுக்கோணும். மனுவுல அவங்க ரேகைதான் வைக்கோணும். கையெழுத்து ஆகாது."

மாராத்தாள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூலகரிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்தா மீதிப் பத்துப் பேரையும் கிளறுவாங்க. எனக்கு மாறுதல்தான். உங்களுக்கென்னங், நாளைக்கே வேற வேலை கெடைச்சுப் போயிருவீங்." அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதுதான் உறைத்தது.

27-7-96, சனி

நேற்று நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். மனு சுலபம். என் கடிதம்தான் நாலு தடவை. முதல் மூன்றிலும் ‘மேலிடத்து நெருக்கடி’ என்று இருந்தது. கிழித்தேன்.

இன்று மாலை நூலகம். மாராத்தாளும் செல்வியும் வந்தார்கள். கடிதம் மனுவோடு சேர்ந்தது, ரேகை வைக்குமுன் இரண்டையும் படித்துக் காட்ட வேண்டும். படித்தேன். சத்தமாக, ஒரு சொல் விடாமல்.

"மாராத்தாள் என்பவருக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. பெயரைப் படம்போல வரைய மட்டும் பழக்கினேன். தெரியும் என்று நான் குறித்தது பொய்."

செல்வி வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"புள்ளைய வெளிய அனுப்பிப்போட்டுப் படிச்சிருக்கலாமுங் டீச்சர்."

எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன். புது மை, நன்றாக ஊறியிருந்தது. இடது கட்டைவிரலைப் பழகிய கையாக உருட்டி வைத்தார். துளி கலையவில்லை. பக்கத்தில் ‘படித்துக் காட்டினேன்’ என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.

துடைத்துக்கொள்ளச் செல்வி தன் நோட்டில் ஒரு தாளைக் கிழிக்கப் போனாள்.

"நோட்டைக் கிழிக்காத கண்ணு."

சேலையில் துடைத்துக்கொண்டார்.