இருபது பல்லுக்கு இருபது கோபம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், மாப்பிள்ளை, சிட்டு, உருண்டை நாலு பேரும் சுகமாக இருக்கிறோம், உருண்டைக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது, அது அவனுக்கு எப்போதும் உள்ளதுதான். நீயும் வேலைக்குப் போன ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கோபப்படுவேன், சிட்டு நடுவில் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள், விஷயம் முடியவே முடியாது. இதிலே நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவு நல்ல முடிவுதான், நேற்றுத்தான் தெரிந்தது, அந்தச் சந்தோஷத்தில்தான் பேனாவையே தேடி எடுத்தேன். மூன்று மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்தேன். சிட்டுவுக்குக் கடைவாயில் இரண்டு பல் சொத்தையாகிவிட்டது. சொத்தையாக்கினது நான்.

உன் பிள்ளைகள் இரண்டையும் பல் தேய்க்க வைப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியாததா. ஒன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும், இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், தேய்த்து முடித்து வாயைத் திறந்து காட்டினால் ஆளுக்கு ஒரு மிட்டாய். அவ்வளவுதான், அன்றிலிருந்து சண்டையே இல்லை. காலையில் தேய்த்தார்கள், படுக்கப் போகும்போது தேய்த்தார்கள், அப்புறம் மத்தியானமும் தேய்க்கிறோம் பாட்டி, சாயங்காலமும் தேய்க்கிறோம் பாட்டி என்று பிரஷ்ஷும் கையுமாக வந்து நின்றார்கள். நான் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போய், எங்க வீட்டுப் பிள்ளைங்க நாலு வேளை பல் தேய்க்கும், வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம் என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தேன். நீ பார்சலில் அனுப்பின மிட்டாய்தான் அத்தனையும், அதனால் பாதிப் பழி உனக்கும் உண்டு.

அப்புறம் ஒரு நாள் சிட்டு ஆப்பிளை ஒரு பக்கமாகவே வைத்துக் கடிப்பதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டர் அம்மா இருக்கிறார், குட்டையாக முடி வெட்டிக்கொண்டு சின்ன உருவமாக இருப்பார், அங்கே போனோம். விளக்கை இழுத்து வைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை பல்லே தேய்க்கறதில்லையாம்மா என்று கேட்டார். எனக்கு எப்படி இருக்கும், நாலு வேளை தேய்க்கறா என்றேன். அவர் சிட்டுவிடம் கேட்டார். அது படுத்தபடியே, ஆமா டாக்டர், தேய்ச்சா பாட்டி மிட்டாய் தருவாங்க, தூங்கப் போறப்போ ரெண்டு என்றது. டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஊசி மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் திரும்பி நின்று சிரித்தாள். மாப்பிள்ளை சுவரில் இருந்த பல் படத்தை உற்றுப் பார்க்கிற மாதிரி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

சிரித்து முடித்துவிட்டு டாக்டர் விஷயத்துக்கு வந்தார். ஒரு பல்லைச் சுத்தம் பண்ணி அடைத்துவிட்டார். இன்னொன்று கீழ் வரிசையில் இடது பக்கம் கடைசிப் பல், அதிலே ஆழம் அதிகம். அதற்கு ஒரு மருந்து பூசினார், பூசின இடம் கறுத்துப்போகுமாம். மூணு மாசம் பார்ப்போம், குழி கெட்டியாகி நின்னுட்டா பல் தப்பிச்சுது, இன்னும் உள்ள இறங்கி நரம்பைத் தொட்டுட்டா பிடுங்கத்தான் வேணும், பிடுங்கினா பின்னால முளைக்கிற பெரிய பல் இடம் தெரியாம முன்னால சாய்ஞ்சுடும் என்றார். மாடிப்படி இறங்கும்போது சிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைப் பிடுங்கிட்டா அம்மா வர்றப்போ என்னை அடையாளம் தெரியுமா பாட்டி என்று கேட்டாள். தெரியாமப் போகுமாடி என்று அதட்டிவிட்டேன். உன்னிடம் எந்த வாயால் சொல்வது. அந்தப் பல்லைக் காப்பாற்றிவிட்டுத்தான் சொல்வது என்று முடிவு பண்ணினேன்.

டாக்டர் சொன்னதை நான் எழுதி வைக்கவில்லை, எனக்கு எழுதத் தேவையும் இல்லை. ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளை கை பல்லைச் சரியாகத் தேய்க்காதாம், பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி நாம் பின்னால் நின்று அதன் தலையை நம் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் உள்பக்கமெல்லாம் தெரியும். பசை சிட்டுவுக்குப் பட்டாணி அளவு, உருண்டைக்கு அரிசி அளவு. துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது, பசையில் இருக்கிற மருந்து கழுவிக்கொண்டு போய்விடுமாம். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. இத்தனையும் சரி, ஆனால் இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும் என்றாரே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நேரம் பார்க்க டாக்டர் கொடுத்த மணல் குடுவையை உருண்டை கழிவறைக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டான். மாப்பிள்ளை போனில் பாட்டு வைத்தார், இரண்டும் ஆடிற்றே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் தையல்காரர் என் ரவிக்கையில் கையை இறுக்கமாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, நீங்கதாம்மா குண்டாயிட்டீங்க என்று சொல்லிவிட்டார். அந்த எரிச்சலில் சிட்டுவுக்குத் தேய்த்துக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அவள் ஆடாமல் அசையாமல் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறாள். நிறுத்தினேன், அப்புறம் பாட்டி என்றாள். அப்புறம் என்ன, உன் பெரியம்மா என் குடையை வாங்கிக்கொண்டு போய்ப் பதினோரு வருஷமாகத் திருப்பித் தராததைச் சொன்னேன். இருபது பால் பல், ஒரு பல்லுக்கு ஒரு கோபம், இரண்டு நிமிஷம் கச்சிதமாக வந்தது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் கணக்கு. மேல் வரிசை வலது கடைசி தையல்காரர், அதற்கு அடுத்தது குடை. மாப்பிள்ளையும் உண்டு, என் சூப்பை, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு என்று சொன்னதற்கு முன்பல் ஒன்று. அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, என்னை முன்னாடியே வச்சிட்டீங்களே அத்தை என்றார், அதற்குப் பிறகு சூப்பைப் பற்றி மூச்சு விடுவதில்லை. குழிப் பல்லுக்கு டாக்டர் அம்மாவைத்தான் போட்டேன், சிரித்ததற்கு. அங்கே அழுத்தித் தேய்க்கக் கூடாதாம், அதனால் அந்தக் கோபத்தை மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டியதாயிற்று. போன வாரம் படிக்கட்டில் தையல்காரர் எதிரே வந்தார், சிட்டு அவரை நிமிர்ந்து பார்த்து, மேல் வரிசை வலது கடைசி என்றாள். என்னம்மா சொல்லுது பிள்ளை என்றார். பள்ளிக்கூடப் பாடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உருண்டைக்குப் படுக்கும்போது குடிக்கிற சர்க்கரைப் பாலை நிறுத்தினோம். இரண்டு நாள் வீடே இரண்டுபட்டது, மாப்பிள்ளை பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினார், நான் பார்த்த பார்வையில் நீட்டின கையால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். இப்போது தனக்கும் கோபம் சொல்லு என்று கேட்கிறான், அவனுக்குத் தெரிந்த ஒரே எதிரி பக்கத்து வீட்டுப் பூனைதான், எல்லாப் பல்லுக்கும் அதையே சொல்கிறோம்.

டாக்டர் சொன்ன மூன்று மாதத் தவணை நேற்றுத்தான். மாடி ஏறும்போது சிட்டுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மெல்லிய கம்பியால் அந்தக் கறுப்பைத் தட்டினார், மறுபடி தட்டினார். கல்லு மாதிரி இருக்கும்மா, இது தானா விழுற வரைக்கும் இருந்துட்டுப் போகும் என்றார். நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். யார் தேய்ச்சுவிட்டது என்று அவர் கேட்க, சிட்டு இருபதையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு, கீழ் வரிசை இடது கடைசி நீங்கதான் டாக்டர், சிரிச்சீங்க என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்து, தப்புதாம்மா, அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது என்றார். இருபது பேரில் தப்பு என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவரை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. காலியான இடத்துக்கு யார் என்று கேட்டால் சிட்டு கொஞ்சமும் யோசிக்காமல், மிட்டாய் குடுத்த பாட்டி என்றாள். நியாயம்தான், ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பல்லுக்குப் பின்னாலேயே வெள்ளையாக ஒரு முனை தெரிகிறதாம், அதுதான் டாக்டர் சொன்ன பெரிய பல், நேராகத்தான் வருகிறது, சாகும் வரைக்கும் இருக்க வேண்டிய பல். அது இருபத்தொன்றாவது. அதற்கு உன்னைப் போட்டிருக்கிறோம். பிள்ளைகள் தூங்கும்போதே எழுப்பாமல், ஒரு முத்தம் கொடுக்காமல் கிளம்பிப் போனாயே, அதற்கு. நீ அழுதுவிடுவோம் என்று பயந்துதான் போனாய் என்பது எனக்குத் தெரியும், சிட்டுவிடமும் சொன்னேன், இருந்தாலும் பட்டியலில் இருக்கட்டும் என்கிறாள். தப்பு என்று சொன்னால் எடுத்துவிடலாம், டாக்டர் மாதிரி எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. அதுவரைக்கும் தினம் இரண்டு வேளை உன்னைத்தான் கடைசியாகச் சொல்லி முடிக்கிறோம்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருப்பாய். அடுத்த பார்சலில் மிட்டாய் வேண்டாம், மெத்தென்ற சின்னத் தலை பிரஷ் இரண்டு அனுப்பு, சிட்டுவுக்கு மஞ்சள், உருண்டைக்குப் பூனைப் படம் போடாதது.

இப்படிக்கு,
உன் மேல் ஒரு பல் அளவு மட்டும் கோபமாக இருக்கும்
அம்மா