சரிகை மருந்து

8 ஜூலை 2007

இன்று ஆரணிப் பட்டுக் கடைத்தெரு முழுக்க என் காலடியில் கிடந்தது. அக்கா மகள் காவ்யா சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத பொடியாக்கி, கண்ணாடித் தட்டில் எய்ட்ஸ் கிருமி மேல் விடுகிறார்களாம். கிருமியின் முள்ளில் வெள்ளி ஒட்டிக்கொள்ள, அது நம் உடம்பின் உயிரணுவுக்குள் நுழைய முடியாமல் திணறுகிறதாம். போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

நான் வியாபாரிகள் நடுவில் முழங்கியது: "நம்ம சரிகை வெள்ளி போதும்யா! எய்ட்ஸை ஓட ஓட விரட்டிட்டா எம்மருமக காவ்யா. அமெரிக்காக்காரன் போன்ல கெஞ்சிகினு இருக்கான்!" ரேணுகாம்பாள் அம்மன் மேல் சத்தியம் வேறு. கைதட்டல். சேலைத் தரகனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

13 ஜூலை

நெசவாளி தருமன் தெருவில் என்னைக் கும்பிட்டான். என்னையா? நானே என்னைக் கும்பிட்டதில்லை.

19 ஜூலை

தருமன் வீட்டுக்குச் சேலை எடுக்கப் போனேன். பின்புறம் புகை. அவன் மனைவி லீலா தன் முகூர்த்தப் பட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது!"

"சரிகையில வெள்ளி எடுக்கறேங்க. பஸ்பமாக்கி அவருக்குத் தேன்ல குழைச்சித் தரணும். அவருக்கு அந்த நோவுங்க... வெளிய தெரியாது. நீங்க கடைத்தெருவுல சொன்ன அன்னிக்கே வேலூர் ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டாரு."

சேலை எடுக்காமல் வந்துவிட்டேன். இன்னா பேச்சு பேசிட்டேன்— இன்னா பேச்சு—

20 ஜூலை

காவ்யாவுக்குப் போன். "மாத்திரைய விட்டா கிருமி மறுபடி பெருகும் மாமா. அப்புறம் அதே மாத்திரை வேலை செய்யாமயும் போயிடும். வெறும் வெள்ளியத் தின்னா ஒண்ணும் ஆகாது, உடம்புதான் கெடும். எங்க வேலை இன்னும் தட்டுலதான் இருக்கு. மனுஷங்கிட்ட வராமலே போகலாம். நீங்க இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

21 ஜூலை

தருமனிடம் உண்மையைச் சொன்னேன். நம்பமாட்டேன் என்கிறான்! மலையளவு புளுகை விழுங்கியவனுக்கு, கடுகளவு நிஜம் தொண்டையில் அடைக்கிறது.

"மருந்தப் பணக்காரங்களுக்குப் பேசி முடிச்சிட்டீங்களாண்ணே?"

"டேய், அப்படி மருந்தே இல்லடா. ரேணுகாம்பாள் சத்தியமா."

"அன்னிக்கும் இதே சத்தியந்தான பண்ணீங்க?"

பண்ணினேன்தான்.

24 ஜூலை

மூன்று இரவாய்க் கூடத்தில் நடக்கிறேன். தரை தேய்ந்து பாதாளமே தெரிகிறது. காவ்யா பஸ் ஏறி வந்துவிட்டாள். நேராகத் தருமன் வீடு.

"மாமா சொன்னதுல என் பேரத் தவிர எதுவும் நிஜமில்லண்ணா."

அவன் தறியில் அறுந்திருந்த இழை ஒன்றை முடிந்தான். பிறகு மெதுவாக: "அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில தனியா உக்கார முடியலம்மா. யாரு பாப்பாங்களோன்னு உயிரு போவுது. அதான்... அண்ணன் சொன்னத கெட்டியாப் புடிச்சிகினேன்."

"நான் வரேன்டா" என்றேன். அதற்கு அலங்காரம் ஒன்றும் கிடைக்கவில்லை.

25 ஜூலை

வேலூர். டாக்டரம்மா திட்டினார், ரத்தம் எடுக்கச் சொன்னார், மாத்திரையை மறுபடி தொடங்கினார். தருமன் உள்ளே போயிருந்தபோது, சேத்துப்பட்டு ஜவுளிக்காரர் கந்தசாமி எதிரே வந்தார். என்னைப் பார்த்தார். என் தலைக்கு மேலிருந்த 'எய்ட்ஸ் சிகிச்சைப் பிரிவு' பலகையைப் பார்த்தார். வணக்கம் சொல்லாமலே நடந்துவிட்டார்.

26 ஜூலை

ஊர் என்னைவிட நன்றாகப் புளுகும். அந்த நோவு எனக்குத்தானாம்.

12 ஆகஸ்ட்

சலூனில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். "பிளேடு தீந்துடுச்சிங்க" என்றான் எல்லப்பன். கண்ணாடி முன்னால் பிரிக்காத பிளேடு பாக்கெட். 'நான் கூடப் போனவன்யா' — ஒரு வரி போதும். யாருகூட என்று கேட்பார்களே? எழுந்து வந்துவிட்டேன். என் ஆயுசில் வாயை மூடிக்கொண்டு ஒரு கடையை விட்டு வெளியே வந்தது இதுதான் முதல் தடவை.

24 ஆகஸ்ட்

என் தாடியைப் பார்த்து இமயமலைச் சாமியார்கள் வெட்கப்படுகிறார்கள். வேலூருக்கு மறுபடி போனோம். பஸ்ஸில் தருமன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். ஆஸ்பத்திரியில் அவன் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். துணைக்கு எழுந்தேன்.

"நீ உக்காருண்ணே" என்று சொல்லிவிட்டு, அவனே நடந்து போனான்.