ரெட்டைப் பின்னல் கேபிள்

என் மூத்த பிள்ளை பாண்டிக்கு,

நீ போன இடத்தில் காற்று உண்டா, கடல் உண்டா, எனக்குத் தெரியாது. இங்கே மாரியூரில் மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. உன் தம்பி சேது இன்னும் சில நாளில் மறுபடி கடலுக்குப் போகிறான். மாடியில் நீ வைத்துவிட்டுப் போன ரிப்பீட்டர் கரகரவென்று கத்துகிறது. அதற்கு என்ன கேபிள் போடுவது என்று கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

கரையைத் தாண்டினால் செல்போன் செத்துப்போகிறது. சேது கையில் இருக்கும் வாக்கி-டாக்கியின் பேச்சும் கொஞ்ச தூரத்தில் களைத்துவிடும். அந்தக் களைத்த பேச்சை மாடிக் கம்பத்தில் வாங்கி, பெரிய குரலாக்கி வெளியே விடுவதுதான் உன் பெட்டியின் வேலை. நீ ரேடியோப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, தம்பியின் தலையில் குட்டிக் குட்டி அவனையும் எழுதவைத்து, அந்தப் பெட்டியை மாட்டியபோது ஊர் சிரித்தது. அபிராமத்தில் மிளகாய் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்குக் கடல் எதற்கு, ரேடியோ எதற்கு என்றார்கள். சொன்னது யார் யார் என்று நான் மறக்கவில்லை.

நீ போட்ட கேபிள் உன்னைவிட அதிக நாள் இருந்தது. போன மழையில்தான் அதற்குள் தண்ணீர் இறங்கியது. உன் சித்தப்பன் முனியசாமி டிவி கேபிள் இழுக்கிறவன் அல்லவா, உலகத்துக் கேபிள் எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு. நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, பழையதைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டான்.

“ஏய்யா, கேட்டுட்டுக் கழட்டுனா உன் கை குறைஞ்சா போயிரும்?”

“அட மதினி, உளுத்துப்போன ஒயரு. இதப் பாருங்க. உள்ள வெள்ளித்தாளு சுத்தி, அதுக்கு மேல கம்பி வலை. இப்ப எல்லாரும் இதத்தான் போடுறாங்ய. சிக்னல் லாஸே கிடையாது.”

“பாண்டி அத வேணாம்னானே.”

“அவன் வேணாம்னான், சரி. எதுக்கு வேணாம்னான்? அது தெரியுமா உங்களுக்கு?”

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

காற்றில்லாத நாளில் அவன் போட்டது நன்றாகத்தான் கேட்டது. சேது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. காற்று வந்ததும் ஆரம்பித்தது. கம்பம் ஆட ஆட, கரகர. அப்போதுதான் நீ சொன்னது ஒவ்வொன்றாக எனக்கு வந்தது. மற்ற பெட்டி பேசி முடித்துத்தான் கேட்கும். “இது பேசிக்கிட்டே கேக்குற பெட்டி ஆத்தா. வாய்க்கும் காதுக்கும் ஒரே கேபிள்தான். வெள்ளித்தாளும் கம்பியும் காத்துல ஒண்ணோட ஒண்ணு உரசுச்சுன்னா, அந்தச் சத்தம் அதோட காதுலயே போய் விழும். அப்புறம் தூரத்துப் பேச்சு எப்படிக் கேக்கும்?” என்றாய்.

அப்படியானால் எது வேண்டும் என்றாய்? அதுவும் எனக்கு மறக்குமா? நீ யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாய். “எங்கிட்டுத் தேடியாச்சும் ரெட்டைப் பின்னல்தான் வேணும்ணே. ஒத்தைப் பின்னல் எனக்கு ஒத்துவராது.” அடுப்படியில் நின்ற எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. நம் தெருவில் ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு தையல் வகுப்புக்குப் போகிற பெண் கீழவீட்டுக்காரி மகள் ஒருத்திதான். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே போய்விட்டேன்.

அவள் ஆத்தாள்காரி வாசலிலேயே வைத்துக் கேட்டாள். “உங்க மகன் மாடிக் கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பேசுறான். அவனுக்கு என் மகளையும் கட்டி வைக்கணுமாக்கும்?”

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது, நீ தரையில் விழுந்து சிரித்தாய். “ஆத்தா, செம்புக் கம்பிப் பின்னலுத்தா அது! கேபிளுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு சுத்துப் பின்னியிருக்கும்!” நீ சிரித்தது போதாதென்று சேதுவையும் கூப்பிட்டுச் சொன்னாய். கீழவீட்டுக்காரியிடம் நான் இன்றைக்கும் பேசுவதில்லை.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் போனேன். ஒயர்க் கடையில் இருந்தவனிடம் ரெட்டைப் பின்னல் கேபிள் கேட்டேன்.

“ரிப்பன் கடை எதுத்தாப்புல, பாட்டி.”

“செம்புப் பின்னலுய்யா. ரெண்டு சுத்து. என் மகன் ரிப்பீட்டருக்கு.”

அவன் சிரிப்பு நின்றது. நல்ல பிள்ளைதான். “அதுல தினுசு இருக்கே. தடிசா, மெலிசா? எத்தனை ஓம்? கேபிள் மேலேயே பேரும் நம்பரும் அடிச்சிருக்கும். அது தெரிஞ்சா மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சுத் தாரேன்.”

நான் என்ன சொல்ல? நீ சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். நீ சொல்லாததை நான் எங்கே போய்த் தேடுவேன்? சேதுவுக்கும் வாக்கியில் பேசத்தான் தெரியும். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். சேது கடலில் இருந்தான். நல்ல காற்று. பெட்டிப் பக்கத்திலேயே இருந்தேன். “ஆத்தா” என்றான். பிறகு கரகர. பிறகு “வர” என்று ஒரு துண்டு. பிறகு மறுபடி கரகர. வருகிறேன் என்கிறான் என்று நினைத்தேன். உன் தம்பி பெண்டாட்டியிடம் உலை வைக்கச் சொன்னேன். சோறு ஆறியது. அவன் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் வேறொரு போட் கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் நின்றுபோய் ராத்திரி முழுக்க அலையில் கிடந்திருக்கிறான். உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது. வாரேன்னு சொன்னியேடா என்று கேட்டதும் கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

“வாரேன்னு சொல்லல ஆத்தா. யாரையாச்சும் வரச் சொல்லுன்னேன். தொண்ட கிழியக் கத்துனேன்.”

பாண்டி, பெற்ற பிள்ளை கூப்பிட்டிருக்கிறான், நான் இங்கே சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். போகாதேடா என்றேன். போகாமல் என்ன செய்ய என்கிறான். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

ரெண்டு நாளாக யோசித்துவிட்டேன். நீ போட்ட கேபிள் மேல் அடித்திருந்த பெயரைக் கண்ணால் பார்த்து, கையால் சுருட்டினவன் என்று உயிரோடு இருப்பது முனியசாமி ஒருவன்தான். இங்கிலீஷ் எழுத்தும் படிப்பான். கம்பத்தில் ஏறவும் அவனுக்குத்தான் தெரியும். அவனும் அந்தப் பெயரை மறந்திருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் அவன் வாசலுக்குப் போகிறேன். அவன் பெண்டாட்டி பார்த்துச் சிரிப்பாள், சிரிக்கட்டும். “எதுக்கு வேணாம்னான்னு இப்பத் தெரியுதா?” என்று நான் வாய் திறக்கமாட்டேன். அவனை மன்னிக்கவும் மாட்டேன், அதை மட்டும் என்னிடம் கேட்காதே. ஆனால் முனியசாமி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கேபிள் பெயரைச் சொல்லுய்யா என்று கேட்பேன். அவன் சொல்லும்வரை அந்த வாசலை விட்டு எழுந்திருக்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைப் பறிகொடுத்துவிட்டு, உன் தம்பியை வைத்துக்கொண்டிருக்கும்
உன் ஆத்தா