பசாசுக்கு முழங்கால் போட்ட வெள்ளிக்கிழமை

லிந்துலை
26.3.1979

அன்பு மக பெற்றீசியாவுக்கு அம்மா எழுதுறது. மாதா காவல்ல இங்க எல்லாருக்கும் உடம்பு சொகம், மனசுதான் சரியில்ல. திருச்சியில நீயும் அத்தை வீட்டு ஆளுகளும் நல்லா இருக்கணும்னு தெனமும் வேண்டிக்கிறேன். தங்கச்சிக்கு இருமல் விட்டுருச்சு. அப்பாவுக்கு கால் வலி அப்படியேதான், ஆனாலும் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போயிக்கிட்டுத்தான் இருக்காரு. அதெல்லாம் இருக்கட்டும். இன்னிக்கி நான் கோவத்துல எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா அதான் காரணம், மொதக் கோவம் உன் மேலதான்.

காலேசுல படிக்கிற அந்த இங்கிலீஷ் பெரிய பாட்டுக் கதைய, ஆதித்தாய் தகப்பன் பழத்தத் தின்னு கடவுளோட தோட்டத்த விட்டு வெளிய போன கதைய, எங்களுக்கும் புரியட்டும்னு தமிழ்ல எழுதி அனுப்புனியே, நல்ல காரியந்தான். ஆனா யாரு பேசுறாங்கன்னு மேல ஒரு வரி எழுதக் கூடாதா புள்ள? உங்க அப்பா பெருமையில தலகால் தெரியாம அத கோயில் உபதேசியார் கஸ்பர் கையில கொண்டு போயி குடுத்தாரு. அவரு தேவதூதர்ங்கிற சொல்லப் பாத்ததும் இது தவசு காலத்துக்கு ஏத்த வாசகம்னு முடிவு பண்ணி, முன்ன பின்ன பாக்காம, வெள்ளிக்கிழம சிலுவைப்பாதை முடிஞ்ச கையோட கோயில்லயே வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு, அதுவும் பெரிய வெள்ளிக்கு அழுது பாடுற ராகத்துல. நம்ம ஆளுக பழக்கந்தான் உனக்குத் தெரியுமே, தவசு காலத்துல வாசிக்கிறவரு மூச்சு வாங்க நிறுத்துனா முழங்கால் போட்டு தயவாயிரும் சுவாமின்னு சொல்லணும். சொன்னோம். இருந்த எடத்த விட்டுத் துரத்தி விட்டதுல நெருப்புல கெடந்து, இனி நமக்கு எடம் எங்கன்னு தன் கூட்டத்தப் பாத்து ஒருத்தன் கேக்குறான், வேதத்துக்காக உயிர விட்ட யாரோ வேதசாட்சி போலன்னு நெனச்சி நிறுத்துன எடத்துலல்லாம் சொன்னோம். அடுத்த காம்பரா வீட்டு ராக்காயி, அவ நம்ம வேதம் இல்லாட்டியும் வெள்ளிக்கிழம வந்துருவாளே, ஏங்கி ஏங்கி அழுதா. அவங்கள இந்தியா போகச் சொல்லி கவுருமெண்டு பேப்பர் வந்துருச்சு, மக இங்கயே பிரஜாவுரிமை கெடச்சவனக் கட்டியிருக்கா, கூட வர முடியாது. அழாம என்ன செய்வா.

அடுத்த வெள்ளி மிச்சத்த வாசிக்கயிலதான் அம்புட்டு நேரம் பேசுனவன் பசாசுன்னு வந்துச்சு. கஸ்பர் தாள மடிச்சி வச்சிட்டு வெளிய போயிட்டாரு. அன்னிலேருந்து லயத்து வீடுக பூரா இதே பேச்சுதான், ஒரு வரி வாசிக்காதவன்லாம் அபிப்பிராயம் சொல்றான். காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல ஒருத்தன் இது நம்மளக் கெடுக்க வெள்ளக்காரன் எழுதுனதுங்கிறான், இன்னொருத்தன் பசாசு பேசுனதுதான் கேக்க நல்லா இருந்துச்சு, மத்தவங்க பேசையில தூக்கம் வந்துருச்சுங்கிறான். தலவாக்கலையில நாகலிங்கம் கடைக்கு சாமான் வாங்கப் போனா, முதலாளி பருப்ப நிறுத்துக்கிட்டே, எங்க கதையில அசுரன் கூட தவம் இருந்து வரம் வாங்கிக்கிறான், உங்க பசாசுக்கு அதுக்கும் வழி வைக்கலியான்னு கேக்குறாரு. ராக்காயி மட்டும் பேச்ச மாத்தல. பசாசோ மனுசனோ, வெளிய போன்னா வலிக்கத்தானே செய்யும்னா. அதுக்கு கஸ்பர் கோயில் வாசல்ல எல்லாரு முன்னாலயும் அவள வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டாரு. எனக்கு ரத்தம் கொதிச்சிச்சு. என் அபிப்பிராயத்த யாரும் கேக்கல, உனக்குச் சொல்றேன். உன் தாள எழுத்துக் கூட்டி முழுசா வாசிச்சேன். பாட்டு பெரிய பாட்டுதான். ஆனா பழத்தத் தின்னது ரெண்டு பேரு, ஏச்செல்லாம் அந்தப் பொம்பள தலையில. எழுதுன மனுசன திருப்பிக் கேக்க அவரு வீட்ல ஆளில்ல போல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கஸ்பர் தான் செஞ்ச கூத்த உன் தலையில கட்டுறாரு. படிச்ச திமிருல நீ வேணும்னே ஏமாத்தி அனுப்புனியாம். தெரியாம எழுதிட்டேன் மன்னிச்சுக்குங்கன்னு நீ எழுதி அனுப்பணுமாம், குருத்து ஞாயிறு அன்னிக்கி அத அவரு கோயில்ல வாசிப்பாராம். இல்லாட்டி பாஸ்கா பண்டிகைக்குப் பொறகு உன் கலியாணத்த ஊரறியச் சொல்ற ஓலைய கோயில்ல வாசிக்க விடமாட்டாராம். மாப்புள அவரு அக்கா மகன்ங்கிற தைரியம். சரி, கட்டிக்கப் போறவரு என்ன சொல்றாருன்னு பாப்போம்னு, வட்டவளையில இருந்து இக்னேசியஸ் வந்தப்ப கேட்டேன். பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிற மனுசன். மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும், அவ எழுதிக் குடுத்துட்டா பிரச்சின முடிஞ்சிரும்ங்கிறாரு. நீங்க வாசிச்சீங்களான்னேன். இல்லியாம். தாளெல்லாம் ஒண்ணாச் சேத்து நூலால கட்டி அவரு கையில குடுத்து, திட்டுறதா இருந்தாலும் வாசிச்சிட்டு வந்து திட்டுங்க, கேட்டுக்கிறேன்னேன். நேத்து திருப்பிக் கொண்டாந்தாரு. வாசிச்சேன் அத்தை, மாமா சொன்னது சரிதான்னாரு. நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கு.

புள்ள, சண்டக்காரன் கூட குடும்பம் நடத்தலாம், நானே நடத்துறேன். நீ ராவெல்லாம் ஒக்காந்து எழுதுனதப் பிரிச்சிக்கூட பாக்காம உன்னத் தப்புங்கிறவன் கூட எப்படி நடத்துவ? அப்பா பொறு பொறுன்னாரு. என்னால முடியல. காலையில கோயில் சாமியாரு பங்களாவுக்கு நேராப் போயி, எம்மக சொல்ற வரைக்கும் ஓலைய நிறுத்தி வைங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உன்னக் கேக்காம செஞ்சேன், கோவிச்சிக்கணும்னா கோவிச்சிக்க. இக்னேசியஸ்தான் வேணும்னா ஒரு தந்தி அடி, வாய மூடிக்கிட்டு பலகாரம் சுடுறேன். கலியாணம் உனக்கு, எனக்கில்ல.

நேரத்துக்கு சாப்புடு, தலைக்கு எண்ணெய் வையி, அத்தைக்கு அடுப்படியில ஒத்தாசையா இரு. ஆண்டவரும் மாதாவும் உன்னக் கண்ணுக்குள்ள வச்சிக் காப்பாத்தட்டும். ஒண்ணு மட்டும் மறந்துறாத. மன்னிப்புக் கேட்டு எழுதாத. அப்படியும் எழுதித்தான் தீருவேன்னா, அன்னிக்கி முழங்கால் போட்டு அழுதவங்க பேரையெல்லாம் அதுல சேத்து எழுது, கஸ்பர் வாயால கோயில்ல வாசிக்கட்டும். மொதப் பேரா என் பேர எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
அந்தோனிமுத்து தெரேசா