பார்க்காமல் எழுதிய 110/70

அனுப்புநர்:
கு. எழில் (வயது 17),
த/பெ. குப்புராஜ்,
ஏரிக்கரை மூன்றாவது சந்து,
குரோம்பேட்டை.

பெறுநர்:
மண்டல நல அலுவலர் அவர்கள்,
தாம்பரம்.

பொருள்: எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்க்காமலேயே கர்ப்பிணிகளின் புத்தகங்களில் எண் எழுதியது – கால் வீங்கியுள்ள நான்கு பேரை உடனே பரிசோதிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மனு எழுதிப் பழக்கமில்லை. நான்கு பேரின் பெயர் கீழே இருக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் அதை மட்டுமாவது முதலில் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் அம்மா சரசு அந்த நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறார். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள். நாற்பது பேருக்குக் குறையாது, சிஸ்டர் ஒருவர்தான். அம்மாவுக்கு உதவப் போன என்னை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி, புத்தகங்களில் எழுத உட்கார வைத்தார்.

2. ஏப்ரல் கடைசியில் பிரஷர் பார்க்கும் மெஷின் கெட்டது. காற்றடிக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது. சிஸ்டர் இரண்டு முறை எழுதிக் கேட்டார். அந்தக் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டியது நான்தான். வேறு மெஷின் வரவில்லை. கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும் என்று, "எல்லாருக்கும் 110/70 போட்டுக்கோம்மா, மெஷின் வந்ததும் ஒழுங்கா பாத்துக்கலாம்" என்றார். போட்டேன். ஒரே மாதிரி இருந்தால் தெரிந்துவிடுமே என்று சிலருக்கு 110/80 என்றும் மாற்றிப் போட்டேன். அதைச் சிஸ்டர் சொல்லவில்லை. நானாகச் செய்தது.

3. என் அக்கா தீபலட்சுமி ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜூன் மாதத்திலிருந்தே கால் வீக்கம். கொலுசு கழலவில்லை, சோப்பு போட்டு அம்மா கழற்றினார். சிஸ்டரிடம் காட்டியபோது, "மாசமா இருந்தா காலு வீங்கத்தாம்மா செய்யும். தொங்கப் போட்டுகினு உக்காராத, ஸ்டூல் மேல தூக்கி வெச்சுக்கோ. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. அப்பளம், ஊறுகா பக்கமே போவாத" என்றார். அக்கா அப்படியே செய்தார். காலையில் வீக்கம் வடிந்தும் இருந்தது. 15.07.2025 அன்று அக்காவின் புத்தகத்திலும் நான் 110/70 என்று எழுதினேன்.

4. 20ஆம் தேதி ஞாயிறு காலை அக்காவின் முகம் வீங்கியிருந்தது. கண் இமை திறக்கவில்லை, மோதிரம் விரலில் புதைந்திருந்தது, தலை வெடிக்கிறது என்று அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் நாவலூரில் இருந்து போனில், "அஞ்சு நாள் முன்னாடிதானே பாத்தாங்க? புக்குல நார்மல்னு எழுதிக் கீதே, அப்புறம் இன்னா பயம்?" என்றார். அந்தப் புத்தகம் என் கையில் இருந்தது. நான் எழுதிய பக்கத்தை மூடி வைத்தேன். அதை நம்பி எல்லோரும் மாலை வரை சும்மா இருந்தோம்.

5. மாலையில் அக்காவுக்குக் கண் மங்கியது. ஆட்டோவில் கொண்டு போனோம். 170/110 இருந்தது. டாக்டர் புத்தகத்தைப் புரட்டி, "போன வாரம் இதை யாரும்மா பார்த்தது?" என்று கேட்டார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கால் மட்டும் வீங்கி, படுத்து எழுந்தால் வடிவது வேறு. முகமும் கையும் வீங்கித் தலைவலியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, எதுவானாலும் பிரஷர் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்கா இன்னும் வார்டில்தான் இருக்கிறார். குழந்தை அசைகிறது.

6. எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. தலை குனிந்தே எழுதுவேன். அதனால் அங்கே வருகிறவர்களின் கால்களை நன்றாகத் தெரியும். கீழே உள்ளவர்களுக்கு வீக்கம் இருந்தது. நான்கு புத்தகங்களிலும் இருப்பது என் எண்.

மெஹ்னாஸ், எட்டு மாதம், பள்ளிவாசல் பின் தெரு: செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்தார்.
ஜாஸ்மின், ஏழு மாதம், ஏரிக்கரை முதல் சந்து: விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.
நஃபீசா, எட்டு மாதம், மாவு மில் சந்து: கொலுசை வெட்டித்தான் எடுத்தார்களாம்.
வேதசிரோமணியின் மருமகள் (பெயர் மறந்துவிட்டது), ஒன்பது மாதம், தண்ணீர்த் தொட்டி எதிரில்: கையும் வீங்கியிருந்தது. இவரை முதலில் பார்க்க வேண்டும்.

7. திங்கட்கிழமை மெஹ்னாஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், "இன்னா எழிலு, வூட்டுக்கெல்லாம் வந்துட்ட? டீ போடட்டா?" என்று சிரித்தார். அவர் முகமும் சற்று உப்பியதுபோல் இருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, கறிவேப்பிலை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த நாள் செவ்வாய். நான் போகவில்லை. மெஷின் அன்றும் வரவில்லை என்று சிஸ்டர் போனில் சொன்னார்.

ஆகவே, இந்த நான்கு பேருக்கும் இன்றே அழுத்தம் பார்க்க ஆளனுப்பும்படியும், ஏப்ரலுக்குப் பிறகு எழுதிய எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வாங்கி மறுபடி பார்க்கும்படியும், நிலையத்துக்கு மெஷின் கொடுக்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். என் மேல் என்ன நடவடிக்கை என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியும். பார்க்காமல் எழுதியது தெரியாது. அவருடைய வேலையை எடுத்துவிடாதீர்கள்.

இதைத் தபாலில் போட்டால் நாளாகும் என்று நேரில் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே மாடிப்படி ஓரம் நிற்கிறேன். பச்சைத் துப்பட்டா. ஆளை அனுப்பினால், நான்கு வீடுகளுக்கும் கூடவே வந்து காட்டுகிறேன். இந்த முறை நானே கதவைத் தட்டுவேன்.

இடம்: தாம்பரம்
நாள்: 24.07.2025

இப்படிக்கு,
கு. எழில்